சங்கத்தின் ஜாபிதாவை யாரிடம் ஒப்படைப்பது?

ஒரு சங்கமோ, தொழிலாளர் யூனியனோ, கூட்டுறவுப் பண்டகசாலையோ, வாரப் பத்திரிகையோ தனக்கென ஓர் இணையத்தளம் அமைத்துக்கொள்வது இந்நாளில் சர்வ சாதாரணமாகிவிட்டது. அங்கத்தினர் சேர்க்கை, சந்தா வசூல், நன்கொடைக் கணக்கு, கூட்ட அறிவிப்பு ஆகிய சகல காரியங்களும் அதன் வழியே நடைபெறுகின்றன. தளத்தின் முகப்பு எந்த வர்ணத்தில் விளங்க வேண்டும், தலைவரின் படம் எங்கே இடம்பெற வேண்டும் என்பன பற்றிக் காரியக் கமிட்டியில் மணிக்கணக்காக விவாதம் நிகழ்கிறது. ஆனால், அத்தளத்தின் பின்னே நின்று ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு ரூபாயையும் குறித்து வைத்துக்கொள்ளும் தரவுத்தளத்தை எந்த ஸ்தாபனத்தினிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழும்போது, 'அது நிரலாளர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்' என்று சொல்லிவிட்டுக் கமிட்டி கலைந்துவிடுகிறது. இது பெருந்தவறு என்பதே நமது அபிப்பிராயம்.

தரவுத்தளம் என்பது வேறொன்றுமில்லை. சங்கத்தின் பேரேடும் ஜாபிதாவுமே அது. முன்னாளில் பேரேடு காரியாலயத்து அலமாரியில் இருந்தது. சாவி காரியதரிசியின் மடியில் இருந்தது. இன்றோ பேரேடு அயலாருடைய கட்டடத்தில், பல சமயங்களில் அயல் நாட்டில், மாத வாடகைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அயலார் வாடகையை உயர்த்தலாம், நிபந்தனைகளை மாற்றலாம், கடையையே மூடிவிடலாம், கைத்தவறுதலாக ஏட்டையே அழித்தும் விடலாம். இவை நமது கற்பனையல்ல. இந்நான்கும் சமீப வருஷங்களில் நிகழ்ந்தவையே. ஆதலால், எந்தத் தரவுத்தளம் வேகமானது, எது மலிவானது என்று கேட்பதற்கு முன்னர், வைத்த பொருளை ஒன்றும் குறையாமல் எடுத்துக்கொண்டு வேறிடம் செல்ல நம்மால் இயலுமா என்று கேட்பதே முதற்கடமையாகும்.

மூடப்பட்ட கடைகள்

நிகழ்ந்தவற்றைச் சற்றே நோக்குவோம். பார்ஸ் என்றொரு சேவை, கைப்பேசிச் செயலிகள் அமைப்போருக்குத் தரவுத்தளத்தையும் அதைச் சார்ந்த ஏற்பாடுகளையும் ஒருங்கே அளித்து வந்தது. 2013-ல் பேஸ்புக் கம்பெனி அதை வாங்கிற்று. இவ்வளவு பெரிய கம்பெனியின் ஆதரவு கிடைத்த பின் அச்சமேது என்று பலரும் நம்பினர். 2016 ஜனவரியில், இன்னும் ஒரு வருஷத்தில் சேவையை நிறுத்திவிடப் போவதாக அறிவிப்பு வெளிவந்தது. சொன்னவாறே 2017 ஜனவரியில் கடை மூடப்பட்டது. ஆனால், அக்கம்பெனி ஒரு நன்மை செய்தது. தன் சர்வர் நிரலைப் பகிரங்கமாக வெளியிட்டு, தரவை வேறிடம் மாற்றிக்கொள்ளும் சாதனங்களையும் ஓராண்டு அவகாசத்தையும் அளித்தது. ஆகவே, விழிப்புடன் இருந்தவர்கள் தப்பினர்.

ஃபானா என்ற தரவுத்தள ஸ்தாபனத்தின் வரலாறு இதனினும் கடுமையானது. 2025 மார்ச்சில் தன் முடிவை அறிவித்த அந்த ஸ்தாபனம், அதே வருஷம் மே மாதம் 30-ஆம் தேதியுடன் சேவையை நிறுத்திற்று. இடைப்பட்ட அவகாசம் மூன்று மாதங்கூட இல்லை. அத்துடன், அத்தரவுத்தளத்தைக் கேள்வி கேட்பதற்கென்றே தனியானதொரு பாஷையை அது வகுத்திருந்தது. அந்தப் பாஷையை வேறெந்தத் தரவுத்தளமும் அறியாது. தரவைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டாலும், அதனுடன் பேசும் நிரல் அனைத்தையும் புதிதாக எழுத வேண்டிய நிர்ப்பந்தம் வாடிக்கைக்காரர்களுக்கு நேர்ந்தது.

மூன்றாவது திருஷ்டாந்தம் பிளானெட்ஸ்கேல். சிறிய தளங்களுக்கு இலவசமாக இடமளித்து வந்த இந்தக் கம்பெனி, 2024 மார்ச்சில் இலவசத் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்து, ஏப்ரல் 8-ஆம் தேதியை முடிவு நாளாகக் குறித்தது. கம்பெனி மூடப்படவில்லை, இலவசம் மட்டுமே மூடப்பட்டது. இலவசமாகக் கொடுப்பவர் நாளை நிறுத்தினால் அவர்மீது கோபிப்பதில் அர்த்தமில்லை. எனினும், அங்கே வழங்கியது பலரும் அறிந்த மை-எஸ்.க்யூ.எல். வகைத் தரவுத்தளமாதலால், மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறிடம் புகுவது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. ஃபானாவின் வாடிக்கைக்காரர் பட்ட பாட்டையும் இவர்கள் பட்ட பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நாம் சொல்லவரும் நியாயம் தெளிவாகும்.

பொதுப் பாஷையின் பலம்

1970-ல் ஐ.பி.எம். கம்பெனியின் விஞ்ஞானி எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாகவும் அவற்றுக்கிடையேயான சம்பந்தங்களாகவும் அமைக்கும் முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார். அதிலிருந்து பிறந்ததே எஸ்.க்யூ.எல். என்னும் கேள்விப் பாஷை. 1986-ல் அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனமும், 1987-ல் சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனமும் அதைப் பொதுத் தரமாக ஏற்றன. ஒவ்வொரு தரவுத்தளமும் சிற்சில கிளை வழக்குகளைச் சேர்த்துக்கொண்டபோதிலும், அடிப்படைப் பாஷை ஒன்றே. ஐம்பது வருஷங்களுக்கு மேலாகப் பண்பட்டுவிட்ட இம்முறையை விட்டு, புதுமைக்காக மட்டும் வேறொன்றைத் தேடுவோர் அதற்கான காரணத்தைக் கமிட்டியின் முன் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்கள்.

இம்முறையின் பிரயோஜனம் யாதெனில், கணக்கில் குழப்பம் நேராதபடி தரவுத்தளமே காவல் புரிகிறது என்பதாகும். மகாநாட்டு மண்டபத்தில் ஒரே ஓர் ஆசனம் மிச்சமிருக்கிறது. இருவர் ஒரே கணத்தில் அதற்குப் பணம் செலுத்துகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். தளம் ஒழுங்காக அமைக்கப்பட்டிருந்தால், ஒருவருக்கு ஆசனம் கிடைக்கும். மற்றவருக்கு இல்லை என்ற பதில் கிடைக்கும். பணம் பெற்றுக்கொண்டு ஆசனம் பதியாமற்போவதோ, ஒரே ஆசனத்தை இருவருக்கும் கொடுத்துவிடுவதோ நேராது. சந்தாவும் நன்கொடையும் வசூலிக்கும் எந்தச் சங்கத்துக்கும் இக்காவல் இன்றியமையாதது.

உடைமை மாறினால்?

ஸ்தாபனம் நிலைத்திருந்தாலும் அதன் உடைமை மாறலாம். உடைமை மாறாவிடினும் நிபந்தனை மாறலாம். ஸ்வீடன் தேசத்தில் தோன்றிய மை-எஸ்.க்யூ.எல். கம்பெனியை 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2010-ல் சன் கம்பெனியையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. ஆரக்கிள் கம்பெனியோ தரவுத்தள வியாபாரத்தில் முதன்மையான போட்டியாளர். உலகிலுள்ள எண்ணற்ற இணையத்தளங்கள் இதனால் கவலையடைந்தன. ஆனால் மை-எஸ்.க்யூ.எல். நிரல், எவரும் எடுத்துத் திருத்தி வெளியிடலாம் என்ற சுதந்தர லைசென்ஸின் கீழ் இருந்தது. ஆகையால், அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், 2009-லேயே அதே நிரலிலிருந்து மரியா-டி.பி. என்ற கிளையை வெட்டி நட்டுவிட்டார். அது இன்றும் தழைத்து நிற்கிறது.

ரெடிஸ் என்னும் அதிவேகத் தரவுச் சேமிப்புக்கும் இவ்வாறே நேர்ந்தது. 2009 முதல் சுதந்தர லைசென்ஸில் வளர்ந்த அதன் நிபந்தனைகளை 2024 மார்ச்சில் கம்பெனி இறுக்கிற்று. பெரிய மேகக் கணினிக் கம்பெனிகள் தன் நிரலை விற்று லாபமடைகின்றன, தனக்குப் பங்கு வரவில்லை என்பது அக்கம்பெனியின் குறை. அதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும், அதே மாதத்திலேயே லினக்ஸ் பவுண்டேஷன் ஆதரவில் வால்கீ என்ற கிளை தோன்றிவிட்டது. 2025 மே மாதத்தில் ரெடிஸ் கம்பெனியே மீண்டும் ஒரு சுதந்தர லைசென்ஸையும் சேர்த்து வழங்கிற்று. மூல நிரல் பொதுச் சொத்தைப் போல் கிடந்ததால்தான் இந்தத் திருத்தம் சாத்தியமாயிற்று. நிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் வாடிக்கைக்காரர் முணுமுணுத்துவிட்டு அடங்கியிருக்க வேண்டியதுதான். 2015-ல் ஆப்பிள் கம்பெனி பவுண்டேஷன்-டி.பி. என்ற தரவுத்தளத்தை வாங்கியவுடன், பிறர் அதைப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி நிறுத்தப்பட்டது. 2018-ல்தான் அதன் நிரல் பகிரங்கமாயிற்று. இடைப்பட்ட மூன்று வருஷங்கள் அதை நம்பியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இக்காரணங்களை முன்னிட்டு, புதிதாகத் தளம் அமைப்போர் முதலில் பரிசீலிக்க வேண்டியது போஸ்ட்கிரஸ் என்று சுருக்கமாக வழங்கும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தையே என்பது நமது துணிபு. 1986-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ஆராய்ச்சியாகத் தொடங்கி, 1996 முதல் இன்றைய பெயருடன் உலகெங்குமுள்ள தொண்டர்களாலும் பல கம்பெனிகளின் ஊழியர்களாலும் வளர்க்கப்பட்டு வருகிறது. எந்தத் தனிக் கம்பெனியும் அதற்குச் சொந்தக்காரரல்ல. ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்து வருஷம் திருத்தங்கள் வெளியிடப்படுகின்றன. அமேசான், கூகிள், மைக்ரோசாப்ட் முதலிய பெரிய கம்பெனிகளும், எத்தனையோ சிறிய கம்பெனிகளும் இதை வாடகைக்கு நடத்தித் தருகின்றன. ஒருவர் சரியில்லையெனில் அடுத்தவரிடம் போகலாம். கடைத்தெருவில் பல கடைகள் இருக்கும் வரையில்தான் வாங்குபவனுக்கு மரியாதை.

மிகச் சிறிய தளங்களுக்கு இதுவும் வேண்டியதில்லை. 2000-த்தில் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்.க்யூ.லைட் என்னும் தரவுத்தளம் ஒரே ஒரு கோப்பில் அடங்கிவிடும். அதன் நிரல் யாருடைய உரிமைக்கும் உட்படாத பொதுவுடைமை. ஒரு சமயத்தில் ஒருவரே எழுதக்கூடிய வரம்பு அதற்கு உண்டு. எனினும், படிப்பவர் அதிகமும் எழுதுபவர் குறைவுமான ஒரு சங்கத்தின் தளத்துக்கு அது போதுமானதே.

நாமே நடத்தினால் என்ன?

'அயலாரிடம் வாடகைக்கு வைப்பானேன்? நாமே ஒரு சர்வரை வாங்கி, நாமே தரவுத்தளத்தை நடத்திக்கொண்டால் பிறர் தயவு வேண்டியதில்லையே' என்று வாதிப்பவர்களும் உண்டு. உற்சாகம் பாராட்டத்தக்கது. ஆனால், சொந்தமாக நடத்துவதற்கு உற்சாகம் மட்டும் போதாது. 2017 ஜனவரியில், கடவுச்சொல் இன்றித் திறந்து கிடந்த மாங்கோ-டி.பி. தரவுத்தளங்கள் பல்லாயிரக்கணக்கில் சூறையாடப்பட்டன. திருடர்கள் தரவை அழித்துவிட்டு, மீட்புப் பணம் கேட்டுக் கடிதம் வைத்துப் போனார்கள். அந்தத் தரவுத்தளங்கள் அனைத்தும் யாரோ ஒருவர் 'நாமே நடத்துவோம்' என்று தொடங்கிவிட்டுக் கதவைச் சாத்த மறந்தவையே.

தேர்ந்த நிபுணர்களுக்கும் இது நேரும். அதே ஜனவரி 31-ஆம் தேதியன்று, நிரலாளர்களுக்கென்றே சேவை நடத்தும் கிட்லேப் ஸ்தாபனத்தில், நள்ளிரவு வரையில் உழைத்த ஓர் ஊழியர் தவறான சர்வரில் கட்டளையிட்டு, பிரதான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதி எங்கே என்று தேடியபோது, தினந்தோறும் எடுக்கப்படுவதாக எண்ணியிருந்த பிரதி பதிப்பு வேற்றுமையின் காரணமாக எடுக்கப்படாமலே இருந்து வந்தது தெரிந்தது. அந்தத் தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த பிரதி ஒன்று இருந்ததால் அந்த ஆறு மணி நேரத் தரவோடு நஷ்டம் நின்றது. இவ்வளவையும் மறைக்காமல் உலகுக்கு வெளியிட்ட அந்த ஸ்தாபனத்தின் நேர்மையை மெச்ச வேண்டும்.

ஆகவே, இரவும் பகலும் கவனிக்க ஆளில்லாத சங்கம், அவ்வேலைக்கு ஒரு கம்பெனியை அமர்த்திக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. வேலைக்கு ஆள் வைப்பது வேறு; வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவது வேறு. வித்தியாசம் காப்புப் பிரதியில் இருக்கிறது.

பிரதி யாரிடம்?

வாடகைக்கு விடும் கம்பெனியே தினமும் காப்புப் பிரதி எடுத்து வைப்பதாகச் சொல்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. 2021 மார்ச்சில் பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியின் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. அசலையும் பிரதியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்த வாடிக்கைக்காரர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது இன்னும் விசித்திரமானது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்களின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் யூனிசூப்பர் என்ற நிதியின் மேகக் கணினிக் கணக்கு, கூகிள் தரப்பில் நேர்ந்த ஏற்பாட்டுத் தவறால் அழிந்துவிட்டது. இரண்டு இடங்களில் வைத்திருந்ததும் ஒரே கணக்கின் கீழ் இருந்தமையால் இரண்டும் போயின. வேறொரு ஸ்தாபனத்தினிடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது நஷ்டத்தைக் குறைத்ததென்று இரு ஸ்தாபனங்களின் தலைவர்களும் கூட்டறிக்கையில் கூறினர். லட்சக்கணக்கான உழைப்பாளிகளின் முதுமைக் காலச் சேமிப்பு சம்பந்தப்பட்ட ஏடு அது. இரண்டாமவரிடம் பிரதி வைக்க அந்த நிர்வாகிகள் செலவிட்ட பணம் வீண் என்று அதற்கு முன்தினம் ஒருவர் சொல்லியிருக்கக்கூடும், மறுதினம் சொல்லியிருக்கமாட்டார்.

தூரமும் வாடகையும்

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மும்பையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு ஒரு கேள்வி சென்று பதில் திரும்ப ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடி ஆகிறது. தளத்தின் நிரல் மும்பையிலும் தரவுத்தளம் வர்ஜீனியாவிலும் இருந்து, ஒரு பக்கத்தைக் காட்டப் பத்துக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டுமானால், இரண்டு வினாடிகள் வழியிலேயே கழிந்துவிடும். இரண்டும் ஒரே ஊரில் இருந்தால் இந்தத் தாமதம் தெரியாது. மைக்ரோசாப்ட் 2015-லும், அமேசான் 2016-லும், கூகிள் 2017-லும் இந்தியாவில் தங்கள் மேகக் கணினி நிலையங்களைத் திறந்துவிட்டன. ஆகையால் நமது ஜனங்களுக்கான தளத்தின் ஏட்டைக் கடல் கடந்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

வாடகையிலும் ஜாக்கிரதை வேண்டும். விளம்பரத்தில் காணும் தொகை ஆரம்பத் தொகையே. இடத்துக்குத் தனி, கணிக்கும் வேலைக்குத் தனி, தரவு வெளியே செல்வதற்குத் தனி என்று பட்டி நீளும். வெளியேறுவோரிடம் தரவை எடுத்துச் செல்லக் கூலி வாங்கும் வழக்கத்தை 2024-ல் கூகிளும், பின்னர் அமேசானும் மைக்ரோசாப்டும் தளர்த்தின. ஐரோப்பிய யூனியனின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் அமலாகி, 2027 ஜனவரி 12 முதல் இத்தகைய வெளியேற்றக் கட்டணமே கூடாதென்று விதிக்கிறது. வெளியேறும் உரிமை எவ்வளவு முக்கியமானதென்பதை ராஜாங்கங்களே உணர்ந்துவிட்டன என்பதற்கு இதுவே சாட்சி.

நமது நாட்டில் 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறொன்றை உணர்த்துகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. தரவைத் திரட்டியவர், அதைப் பராமரிக்க வேறொருவரை அமர்த்தியிருந்தாலும், பொறுப்பு திரட்டியவருடையதே என்பது சட்டத்தின் கருத்து. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்க இடமுண்டு. 'கம்பெனிக்காரன் கெடுத்துவிட்டான்' என்று கைகழுவ இடமில்லை.

கமிட்டி செய்ய வேண்டியது

சட்டம் ஒருபுறமிருக்கட்டும். சங்கத்தில் சேரும் ஒருவன் தன் பெயரையும், விலாசத்தையும், கைப்பேசி எண்ணையும், சில சமயம் தன் அரசியல் கருத்தையுமே நம்பி எழுதிக் கொடுக்கிறான். கம்பெனியை அவன் அறியான், சங்கத்தையே அறிவான். அந்த ஜாபிதா தொலைந்தால் சங்கம் தன் அங்கத்தினர் யாரென்பதையே அறியாது நிற்கும். தகாதவர் கையில் சிக்கினால் அந்த அங்கத்தினன் துன்பமடைவான். ஆதலால் இதை நிரலாளரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று.

கமிட்டி செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், ஒரு மாதப் பரீட்சைக்குத் தரவுத்தளத்தை அமர்த்தி, பொய்ப் பெயர்கள் சில ஆயிரத்தை அதில் நிரப்பச் செய்க. பிறகு, அக்கம்பெனியின் உதவி சிறிதுமின்றி, ஏடு முழுவதையும் பிரதியெடுத்து, சங்கத்துக்குச் சொந்தமான வேறொரு கணினியில் நிறுவி, தளத்தை அதைக்கொண்டு நடத்திக் காட்டுமாறு நிரலாளரைக் கேட்க. எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதைக் குறித்துக்கொள்க. ஒரு பகலுக்குள் முடிந்தால் அந்தக் கம்பெனியை நம்பலாம். முடியாதென்று கம்பெனி சொன்னாலோ, நிரலாளர் தயங்கினாலோ, எவ்வளவு மலிவாயினும் அவ்விடம் வேண்டாம்.

சேர்ந்த பின்னும், வாரம் ஒருமுறை வேறொரு ஸ்தாபனத்தினிடம் பிரதி வைப்பதும், மூன்று மாதத்துக்கொருமுறை அந்தப் பிரதி உயிருடன் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பதும் காரியதரிசியின் கடமைகளாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். வருஷாந்தரக் கூட்டத்தில் பணக் கணக்கைத் தணிக்கை செய்து வாசிப்பது போல, ஜாபிதாவின் பிரதி கடைசியாக எந்தத் தேதியில் திறந்து பார்க்கப்பட்டது என்பதையும் அங்கத்தினர் முன் வாசிக்க வேண்டும். எழுந்து அந்தத் தேதியைக் கேட்கும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினனுக்கும் உண்டு.